பக்கத்தில் ஃபிளையிங் கிளப் இல்லாத ஊர்: பறப்பதை விட்டுவிட வேண்டுமா?

வாசகர் கேள்வி – விமானப் பயிற்றுநர் பதில்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 43, மருத்துவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் தனியார் விமானி உரிமம் வாங்கியவர். லாக் புக்கில் மொத்தம் 140 மணி நேரம். வேலை மாற்றலாகி, ஐந்து மாதங்களுக்கு முன் மலையும் மேய்ச்சல் நிலமுமாக இருக்கும் ஒரு தொலைதூரப் பகுதிக்குக் குடிபோயிருக்கிறார். ஊரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி. பழைய கிளப்புக்குக் காரில் ஆறு மணி நேரம். 110 கிலோமீட்டரில் ஒரு சிறிய ரன்வே இருக்கிறது, ஆனால் அங்கே கிளப்போ பயிற்றுநரோ இருப்பதாகத் தெரியவில்லை. கடைசியாகப் பறந்து ஏழு மாதம் ஆகிறது.

அவர் மனதில் மூன்று யோசனைகள் ஓடுகின்றன. நான்கு ஆண்டுகளாக ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நிற்கும் பழைய இரண்டு சீட் விமானம் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் 500 மீட்டர் சமதளப் புல்வெளியில் வைத்துக்கொள்ளலாமா? அல்லது உரிமமே தேவையில்லை என்று சொல்லப்படும் பாராமோட்டாரை (முதுகில் மோட்டார் கட்டி, பாராசூட் போன்ற துணி இறக்கையில் பறக்கும் கருவியை) வாங்கி, வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா? அல்லது இந்த ஆசையையே மூட்டை கட்டி வைத்துவிடலாமா? கூடவே இரண்டு கேள்விகள்: "நகரத்துக்குக் கூட்டிப்போனால் பணம் தருகிறோம் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள், வாங்கலாமா? என் 11 வயது மகளை எப்போது ஏற்றிச் செல்லலாம்?"

அன்புள்ள வாசகிக்கு,

மூட்டை கட்ட வேண்டாம். தொலைதூரப் பகுதிகளில் பறப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பெயர்ப்பலகை வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் விமானம், அடுத்து இடம், கடைசியில் ஆட்கள் என்று யோசித்திருக்கிறீர்கள். கிளப் இல்லாத ஊரில் முதலில் தேட வேண்டியது ஆட்களை. ஒரு பயிற்றுநர், ஒரு மெக்கானிக், அந்த மலைக்காற்றை அறிந்த ஒரு விமானி, இந்த மூன்று பேர் கிடைத்துவிட்டால் விமானம் தானாக வந்து சேரும். விமானத்தை மட்டும் முதலில் வாங்கினால், அதை யார் பரிசோதிப்பது, நீங்கள் தவறு செய்யும்போது யார் சொல்வது, திரும்பி வராவிட்டால் யார் தேடுவது என்ற கேள்விகள் எல்லாம் அப்படியே நிற்கும்.

இன்னொரு எண்ணத்தையும் திருத்த வேண்டும். "இங்கே வானம் காலியாக இருக்கிறது, விதிகளும் குறைவாகத்தான் இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வானம் காலியாக இருக்கலாம். விதிகள் உங்கள் உரிமத்தோடு வருபவை, ஊரோடு வருபவை அல்ல. தவிர, விவசாய மருந்து தெளிக்கும் விமானங்கள், மீட்பு ஹெலிகாப்டர்கள், தாழப் பறக்கும் ராணுவ விமானங்கள் எல்லாம் ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களில்தான் அதிகம் புழங்கும். அங்கே பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் இருக்காது. அந்தந்த ரன்வேக்கு உரிய அலைவரிசையில் உங்கள் இடத்தையும் நோக்கத்தையும் நீங்களே சொல்ல வேண்டும். வானொலியே இல்லாத விமானமும் வரும் என்று எண்ணி, கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் காகிதங்கள்

39 வயதில் எடுத்த மருத்துவச் சான்றிதழ் ஐந்து ஆண்டு செல்லும் என்று நம்பியிருக்கிறீர்கள். அது எந்த நாட்டு உரிமம் என்பதைப் பொறுத்தது. சர்வதேச விதிப்படி தனியார் விமானிக்கு 60 மாதம், 40 வயதைத் தாண்டினால் 24 மாதம். ஆனால் சான்றிதழ் எடுத்தபின் 40-ஐத் தாண்டியவர்களை நாடுகள் வெவ்வேறு விதமாக நடத்துகின்றன. ஐரோப்பிய விதியில், 40 வயதுக்கு முன் எடுத்த இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் நீங்கள் 42-ஐத் தொட்டதும் காலாவதியாகிவிடும். அமெரிக்க விதியில் பரிசோதனை நாளன்று 40 ஆகாதிருந்தால் மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் 60 மாதமும் செல்லும். உங்கள் சான்றிதழில் அச்சிட்டிருக்கும் தேதியை மட்டும் பார்க்காமல், உங்கள் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதியையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் புதிதாக எடுத்துவிடுங்கள். விமானப் பணிக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவர் உங்கள் பகுதியில் இல்லாமல் போகலாம்; பழைய கிளப்புக்குப் போகும் பயணத்தோடு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்களே மருத்துவர் என்பதால் உடன் பணிபுரியும் ஒருவர் எழுதிக்கொடுத்தால் போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

அடுத்தது 90 நாள் கணக்கு. யாரையாவது ஏற்றிச் செல்ல வேண்டுமானால் கடந்த 90 நாட்களுக்குள் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள விதி. வேறு பல நாடுகளிலும் இதை ஒட்டியே இருக்கும். ஏழு மாத இடைவெளிக்குப் பின் அந்த மூன்றைத் தனியாகச் செய்து முடிக்கச் சட்டம் உங்களைத் தடுக்காது. ஆனாலும் தனியாகச் செய்யாதீர்கள். 140 மணி நேர அனுபவத்தில் முதலில் தேய்வது லேண்டிங்கின் கடைசி பத்து அடிதான். எப்போது மூக்கைத் தூக்குவது, பக்கக்காற்றில் ரட்டரை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையின் பெடலை) எவ்வளவு மிதிப்பது என்பதெல்லாம் கால்களில் இருக்கும் நினைவு. புத்தகம் படித்து அது திரும்பாது. பயிற்றுநருடன் இரண்டு அமர்வு போதும்: ஒன்றில் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை), வேகம் குறைந்த பறத்தல், எஞ்சின் நின்றால் இறங்கும் பயிற்சி, மற்றொன்றில் லேண்டிங் மட்டும், குறைந்தது எட்டு, பத்து. உரிமத்துக்கு உரிய காலமுறைச் சரிபார்ப்பு நெருங்கியிருந்தால் அதையும் அதே பயணத்தில் முடித்துவிடலாம்.

ஆட்களை எங்கே தேடுவது

110 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த ரன்வேயைக் காகிதத்தில் பார்த்துவிட்டு "யாரும் இல்லை" என்று முடிவு செய்திருக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நேரில் போய் நில்லுங்கள். மலைப்பகுதியில் பறப்பவர்கள் காற்று எழும்புமுன் பறந்து முடித்துவிடுவார்கள். பதினொரு மணிக்குப் போனால் காலி மைதானத்தைத்தான் பார்ப்பீர்கள். அங்கே முதலில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பாருங்கள். துணி வெளுத்துக் கிழிந்து கம்பத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த இடத்தை யாரும் கவனிப்பதில்லை. துணி புதிதாக இருந்தால் யாரோ ஒருவர் ஏணி வைத்து ஏறி மாற்றியிருக்கிறார்; அவரைத்தான் நீங்கள் தேட வேண்டும். புல் வெட்டப்பட்டிருக்கிறதா, ஓடுபாதையின் முனையில் மூன்று சக்கரத் தடம் தெரிகிறதா, ஹேங்கர் வாசலில் புது எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஹேங்கர் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வாருங்கள்: உங்கள் பெயர், உரிமம், மணி நேரம், எந்த நாட்களில் வர முடியும் என்பது போதும். ஒரு வாரத்தில் யாராவது கூப்பிடுவார்கள்.

எரிபொருள் விற்பவர் இன்னொரு நல்ல வழி. விமானப் பெட்ரோல் எங்கே இறங்குகிறதோ அங்கே வாங்குபவர் பட்டியலும் இருக்கும். மருந்து தெளிக்கும் விமானிகள், தீயணைப்பு விமானத் தளங்கள், அவசர மருத்துவ விமானச் சேவை ஆகியவற்றையும் கேளுங்கள். இந்த மூன்றாவது வாசல் மருத்துவராகிய உங்களுக்கு எளிதில் திறக்கும். அந்தச் சேவைகளில் இருப்பவர்கள் தொழில்முறை விமானிகள். அவர்களில் சிலர் ஓய்வு நாளில் சிறு விமானம் பறப்பவர்களாகவும், பயிற்றுநர் தகுதி உடையவர்களாகவும் இருப்பார்கள். விமானப் பதிவேடு பொதுமக்கள் பார்க்கும்படி இருக்கும் நாடுகளில், உங்கள் மாவட்டத்தில் எத்தனை விமானங்கள் பதிவாகியிருக்கின்றன என்று நீங்களே தேடிப் பார்க்கலாம்.

எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர்களின் சங்கங்களை விட்டுவிடாதீர்கள். எனக்குக் கேட்டால், உங்கள் நிலையில் இருப்பவருக்கு இதுவே முதல் தேர்வு. இந்தச் சங்கங்கள் ஊருக்கு வெளியேதான் அமையும். அவற்றுக்கு எப்போதும் ஆள் தேவை. வின்ச்சை (கிளைடரைக் கயிற்றால் இழுத்து மேலேற்றும் இயந்திரத்தை) இயக்க, இறக்கை முனையைப் பிடிக்க, கயிற்றைத் திரும்ப இழுத்து வர என்று ஒரு கிளைடர் மேலே போக நாலைந்து பேர் கீழே வேலை செய்கிறார்கள். கை கொடுப்பவரை அவர்கள் விரட்ட மாட்டார்கள். வின்ச்சில் ஏறி இறங்கும் ஒரு சுற்று சில நிமிடங்கள்தான் என்பதால், ஒரே நாளில் நாலைந்து லேண்டிங் கிடைக்கும். எஞ்சின் இல்லாத லேண்டிங், அதாவது திரும்பச் சுற்றி வர வாய்ப்பே இல்லாத லேண்டிங். அந்தக் கணிப்புத் திறன் உங்களுடனே தங்கிவிடும். கிளைடரை இழுத்துச் செல்லும் விமானத்தை ஓட்டவும் ஆள் தட்டுப்பாடு உண்டு. சில நாடுகளில் அதற்குத் தனிப்பொறுப்பில் 100 மணி நேரம் கேட்பார்கள், சில இடங்களில் அதைவிடக் குறைவு. தனிப் பயிற்சியும் வேண்டும். அந்தத் தகுதியை எட்டினால் செலவில்லாமலே மணி நேரம் சேரும்.

யாருமே அகப்படவில்லை என்றாலும் வழி இருக்கிறது. பழைய கிளப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூன்று நாள் தங்கி, நாளுக்கு இரண்டு மணி நேரம் பறந்துவிட்டு வாருங்கள். மாதம் ஒருமுறை ஆறு மணி நேரம் காரோட்டிப் போய், மேகம் பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட இது பயன் தரும். மூன்று நாளில் ஒரு நாளாவது வானம் தெளியும். இடையில் வீட்டில் சிமுலேட்டர் வைத்திருந்தால் அதை வானொலிப் பேச்சுக்கும் செக்லிஸ்டுக்கும் பயன்படுத்துங்கள். லேண்டிங் பழக அதை நம்ப வேண்டாம்.

நான்கு ஆண்டு நின்ற விமானம்

"எஞ்சின் 900 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது, 2,000 வரை போகும், இன்னும் 1,100 மிச்சம்" என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஓவர்ஹால் (எஞ்சினை முழுதும் பிரித்துப் புதுப்பிப்பது) நடந்து 16 ஆண்டு ஆகிறது என்பதையும் அதே கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த எஞ்சினைத் தயாரித்த லைகமிங் நிறுவனம் இவ்வகை எஞ்சின்களுக்கு மணிக்கணக்கோடு ஆண்டுக்கணக்கும் வைத்திருக்கிறது: 12 ஆண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. தனியார் பயன்பாட்டில் அதைத் தாண்டி ஓட்ட அனுமதிக்கும் நாடுகள் உண்டு; ஆனால் விலை பேசும்போது இந்த எஞ்சினை "பாதி ஆயுள் மிச்சமுள்ளது" என்று எண்ணக் கூடாது, "ஓவர்ஹால் வாசலில் நிற்கிறது" என்றே எண்ண வேண்டும்.

காரணம் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. லைகமிங் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் மேல்பக்கம், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடும். சில வாரங்களில் கேமின் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலம் மெலிந்து, காற்றின் ஈரத்தில் துரு பிடிக்கத் தொடங்கும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. எஞ்சின் அழகாக ஸ்டார்ட் ஆகும், சோதனை ஓட்டத்திலும் நன்றாகவே இருக்கும். முப்பது, நாற்பது மணி நேரம் பறந்தபின்தான் துருப்பிடித்த இடம் செதில் செதிலாகப் பெயர்ந்து, எண்ணெய் வடிகட்டியில் மினுமினுக்கும். இலவசமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்தே ஆக வேண்டும்.

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள். அவரிடம் இவற்றைக் கேளுங்கள்: ஒரு சிலிண்டரைக் கழற்றி கேமையும் அது தள்ளும் டாப்பெட்டின் முகத்தையும் கண்ணால் பார்ப்பது, எண்ணெய் வடிகட்டியை வெட்டி விரித்து, மடிப்பு மடிப்பாக உலோகத் துகள் தேடுவது, போரோஸ்கோப் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் மெல்லிய குழாய்க் கருவி) விட்டு வால்வுகளைப் பார்ப்பது, சிலிண்டர் காற்றழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை. கம்ப்ரஷன் எண்ணைவிட, காற்று எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்பது முக்கியம். எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். பிறகு உடலுக்கு வாருங்கள். இறக்கைக்குள் எலி கூடு கட்டியிருந்தால் அதன் சிறுநீர் அலுமினியத்தை அரித்திருக்கும். ரப்பர் குழாய்கள், டாங்க் சீல்கள் காய்ந்து வெடித்திருக்கும். லாக் புக்கில் ஆண்டுப் பரிசோதனை விடுபட்ட ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டாயமாகச் செய்ய வேண்டிய தொழில்நுட்ப உத்தரவுகள் எத்தனை நிலுவையில் இருக்கின்றன என்றும் எழுதி வாங்குங்கள்.

"வாரம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுகிறேன், அதனால் எஞ்சின் நன்றாக இருக்கிறது" என்று அவர் சொல்லியிருந்தால், அது நல்ல செய்தி அல்ல. அப்படிச் சுற்றும்போது மிச்சமிருக்கும் எண்ணெய்ப் படலமும் துடைபட்டுப் போகிறது. தரையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதும் கெடுதலே. எரிப்பில் உண்டாகும் ஈரம் உள்ளே தங்கிவிடும். எஞ்சினைக் காப்பாற்றுவது பறப்பு ஒன்றுதான். எண்ணெய் 75 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்படி, மாதம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும். இந்த விமானத்தை வாங்கினால் உங்களுக்கும் இதே கட்டாயம்தான். பணி அட்டவணை அதற்கு இடம் தருமா என்று முதலில் பாருங்கள்.

தருமானால், தனியாக வாங்காமல் மூன்று, நான்கு பேர் சேர்ந்து வாங்குங்கள். இன்சூரன்ஸ், ஹேங்கர், ஆண்டுப் பரிசோதனை இவையெல்லாம் நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஆகும் செலவு. ஆண்டுக்கு 30 மணி நேரம் தனியாகப் பறந்தால் ஒவ்வொரு மணியின் தலையிலும் முழுச் சுமையும் விழும். நான்கு பேர் 120 மணி நேரம் பறந்தால் அது நான்கில் ஒன்றாகும், எஞ்சினும் துருப்பிடிக்காது. ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். மாதச் சந்தா எவ்வளவு, மணிக்கு எவ்வளவு, அதில் எஞ்சின் நிதிக்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, லேண்டிங்கில் சேதம் செய்தவர் இன்சூரன்ஸ் தராத தொகையைக் கட்டுவாரா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். குறிப்பாக ஒரு விதி வேண்டும்: நால்வரில் யார் ஒருவர் "இந்தக் கோளாறு சரியாகும் வரை பறக்கக் கூடாது" என்று எழுதினாலும் மற்ற மூவரும் கட்டுப்பட வேண்டும்.

500 மீட்டர் போதாது

விவசாயி நல்ல மனதோடு தந்த இடம். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். அந்த விமானம் 15 மீட்டர் உயரத் தடையைத் தாண்டி எழும்ப 450 மீட்டர் வேண்டும் என்று கையேட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், தார் ரன்வேயில், புது விமானத்தில் சோதனை விமானி எடுத்த எண்.

உங்கள் ஊர் 3,000 அடி. ஆயிரம் அடிக்குப் பத்து சதவீதம் என்று 1.3-ஆல் பெருக்குங்கள். அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பம் 9 டிகிரி. கோடையில் 30 டிகிரி என்றால் 21 டிகிரி அதிகம், பத்து டிகிரிக்குப் பத்து சதவீதம் என்று 1.2. காய்ந்த குட்டைப் புல்லுக்கு இன்னொரு 1.2. மொத்தம் ஏறக்குறைய 840 மீட்டர். இதற்கு மேல் பாதுகாப்புக்கு 1.33 சேர்க்கச் சொல்வார்கள். 1,120 மீட்டர் ஆகிவிடுகிறது. கையேட்டிலேயே உயரத்துக்கும் வெப்பத்துக்கும் அட்டவணை இருந்தால் அதையே எடுங்கள், இரண்டு முறை பெருக்காதீர்கள். எப்படிப் பார்த்தாலும் 500 பக்கத்தில்கூட வராது. புல் ஈரமாக இருந்தாலோ, இரண்டு சதவீத ஏற்றம் இருந்தாலோ இன்னும் நீளும்.

அன்றைய வெப்பத்தில் உங்கள் விமானம் 3,000 அடியில் இருப்பதாக நினைக்காது. இயல்புக்கு மேலான ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி கூட்டினால், காற்றின் அடர்த்திக் கணக்கில் அது 5,500 அடியில் நிற்கிறது. வேகமானி பழைய எண்ணையே காட்டும், ஆனால் தரையில் எட்டு, ஒன்பது சதவீதம் வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். தாழ்நிலத்தில் பழகிய கண்ணுக்கு "வேகம் வந்துவிட்டதே" என்று தோன்றும். அங்கேதான் பலர் சீக்கிரமாக மூக்கைத் தூக்கி, எழும்பாமல் புல்லில் இழுபடுகிறார்கள். எரிபொருள் கலவையைக் கையேட்டின்படி மெலிதாக்காமல் (அதில் எரிபொருளின் பங்கைக் குறைக்காமல்) விட்டால் எஞ்சினின் பலமும் குறையும்.

அதே 500 மீட்டர், மைக்ரோலைட் எனப்படும் எடை குறைந்த சிறு விமானம் ஒன்றுக்கு, கையேட்டு எண்களை இதே முறையில் பெருக்கிப் பார்த்தபின் போதுமானதாக இருக்கலாம். அப்போதும் அந்த நிலத்தின் முழு நீளத்தையும் நடந்து பாருங்கள். வளை, கல், மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த குழி மூன்றும் முன்சக்கரத்தை ஒடிப்பவை. இரண்டு முனைகளிலும் மின்கம்பி போகிறதா என்று கம்பத்தைத் தேடுங்கள். வானிலிருந்து கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். நில உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும், இன்சூரன்ஸ் நிறுவனமும் அந்த இடத்தை ஏற்க வேண்டும். தனியார் நிலத்தில் இறங்க ஆணையத்தின் அனுமதி கேட்கும் நாடுகளும் உண்டு.

மைக்ரோலைட்டில் இன்னொரு வசதி எரிபொருள். பரவலாக இருக்கும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் கார் பெட்ரோலில் ஓடும். எஞ்சின் எத்தனால் கலப்பை ஓரளவு தாங்கினாலும் டாங்க்கும் குழாய்களும் தாங்குமா என்பதை விமானத்தின் கையேட்டில் பாருங்கள். கலப்பு இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஒரு பங்கு தண்ணீர், ஒன்பது பங்கு பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். தண்ணீர் "கூடியது" போலக் கோடு உயர்ந்தால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துவிட்டது என்று பொருள்.

பாராமோட்டார்

உரிமம் வேண்டாம் என்பது சில நாடுகளில் உண்மை. அமெரிக்காவில் 254 பவுண்டுக்கு உட்பட்ட, ஒருவர் மட்டும் பறக்கும் மிக இலகு வகைக்கு உரிமம் கேட்பதில்லை. வேறு பல நாடுகளில் பயிற்சிச் சான்றிதழோ பதிவோ கட்டாயம். ஆனால் "உரிமம் வேண்டாம்" என்பதை "பயிற்சி வேண்டாம்" என்று படிக்காதீர்கள். விமானி என்பதாலேயே உங்களுக்கு ஆபத்து கூடும். மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுக்க அதில் கட்டுப்பாட்டுக் கம்பே கிடையாது. கீழே இறங்குகிறதே என்று பதறி இரண்டு பிரேக் கயிற்றையும் இழுத்துப் பிடித்தால் இறக்கை ஸ்டால் ஆகிவிடும். புரொப்பெல்லர் முதுகுக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில் சுழல்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது விரல் போனவர்கள் உண்டு. மோட்டாரோடு தண்ணீரில் விழுந்தால் மீள்வது கடினம்.

பயிற்சிப் பள்ளியில் ஒரு வாரம், பத்து நாள் விடுப்பு எடுத்து முறையாகக் கற்க முடியுமானால், மலைப்பகுதியில் வீட்டிலிருந்தே பறக்க இது நல்ல வழிதான். தொடக்கநிலைக்கான இறக்கை, அவசரப் பாராசூட், சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவது, மலையின் மறைவுப் பக்கக் காற்றுக்குள் போகாமலிருப்பது இவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணமும் நோயாளியும்

பணம் வாங்கக் கூடாது. தனியார் உரிமத்தில் கூலிக்கு ஆளேற்றுவது சட்டத்துக்குப் புறம்பு. விபத்து நடந்தால் இன்சூரன்சும் கைவிடும். செலவைப் பகிர்வது வேறு விஷயம். நீங்கள் எப்படியும் போகும் பயணத்தில் உடன் வருபவர் தன் பங்கு எரிபொருளைத் தரலாம் என்று பல நாடுகள் அனுமதிக்கின்றன. அமெரிக்காவில் விமானியும் தன் சமபங்கைக் கட்டாயம் செலுத்த வேண்டும். அவர்களுக்காக நீங்கள் புறப்பட்டால் அது பகிர்வு ஆகாது.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். மருத்துவர், விமானம், தொலைதூர ஊர் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால், ஒரு நாள் யாராவது "இவரை உடனே நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியுமா" என்று கேட்பார்கள். அப்போது முடிவெடுக்கும் விமானியும் நீங்களே, இரக்கப்படும் மருத்துவரும் நீங்களே. மேகம் தாழ்ந்திருந்தாலும் மனம் புறப்படச் சொல்லும். இன்றே, அமைதியாக இருக்கும்போதே, "நோயாளியை ஏற்ற மாட்டேன்" என்று முடிவு செய்து, உடன் பணிபுரிபவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இரவுப் பணி முடிந்த மறுநாள் காலை பறப்பதும் வேண்டாம்.

தேடி வர ஆள்

புறப்படுமுன் பொறுப்பான ஒருவரிடம் பாதை, திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் மீட்பு மையத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். விமானத்தில் இருக்கும் அவசர ஒலிபரப்பி 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய வகையா என்று பாருங்கள். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை. உங்கள் பெயரில் பதிவு செய்த 406 மெகாஹெர்ட்ஸ் கருவி வேண்டும். அதைப் பையில் வைக்காமல் உடலில் கட்டிக்கொள்ளுங்கள். நெருப்பிலிருந்து வெளியே ஓடும்போது பையை யாரும் எடுப்பதில்லை. தண்ணீர், கனமான உடை, விளக்கு இருக்கட்டும். எரிபொருள் மிச்சம் பகலில் 30 நிமிடம் என்பது சட்டத்தின் குறைந்தபட்சம். அடுத்த ரன்வே 110 கிலோமீட்டரில் இருக்கும் உங்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். மலைமுகட்டை நேராகக் கடக்காமல், முகட்டுக்கு 45 டிகிரி கோணத்தில், ஆயிரம் அடிக்குக் குறையாமல் மேலே இருந்து நெருங்குங்கள். கீழிழுக்கும் காற்று பட்டால் பாதித் திருப்பத்திலேயே வெளியேறிவிடலாம். முகட்டில் காற்றின் வேகம் 25 நாட் (knot, மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர்) அளவைத் தாண்டினால் அன்று போக வேண்டாம்.

மகளை எப்போது ஏற்றலாம் என்று கேட்டிருந்தீர்கள். பயிற்றுநரோடு இரண்டு அமர்வு, பிறகு அதே ரன்வேயில் தனியாக மூன்று காலை வேளைகள். அதன்பின் காற்று அசையாத ஒரு காலையில், இருபது நிமிடம் மட்டும் கூட்டிப்போங்கள். அவள் தலைக்குச் சரியாக இருக்கும் ஹெட்செட், வெளியே தெரியும்படி உயரம் கூட்டும் ஒரு மெத்தை, கையெட்டும் இடத்தில் வாந்திப் பை வேண்டும். தன் பக்கக் கட்டுப்பாட்டுக் கம்பில் முழங்கால் இடிக்காமலும் ரட்டர் பெடலில் கால் படாமலும் உட்கார, கிளம்புமுன் தரையிலேயே பழக்கிவிடுங்கள். கதவை எப்படித் திறப்பது என்று அவளையே இரண்டு முறை திறக்கச் சொல்லுங்கள்.